நிலச்சரிவு சொன்ன வயது

நிலவில் உள்ள டைக்கோ பள்ளத்தின் வயது சுமார் 10.9 கோடி ஆண்டு. வானியல் நூல்களில் இந்த எண்ணை அடிக்கடி பார்க்கலாம். சிலவற்றில் 10.8 கோடி என்றிருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் டைக்கோவுக்குள் இதுவரை எந்த விண்கலமும் இறங்கியதில்லை. அங்கிருந்து ஒரு பிடி மண்கூடப் பூமிக்கு வந்ததில்லை. பிறகு வயது எப்படிக் கிடைத்தது? டைக்கோவிலிருந்து 2,200 கிலோமீட்டர் தள்ளி நடந்த ஒரு நிலச்சரிவிலிருந்து கிடைத்தது. அந்த நிலச்சரிவுக்குக் காரணம் டைக்கோதான் என்பது ஓர் ஊகம். அறிவுக்குப் பொருந்துகிற, நல்ல ஊகம். ஆனால் அதன்மேல் இன்று ஏற்றி வைத்திருக்கும் பாரம் அதிகம்.

முதலில் பள்ளத்தைப் பார்த்துவிடலாம். பௌர்ணமியன்று நிலவு கிழக்கே எழும்போது அதன் வலப்பக்கத்தைக் கவனித்தால் போதும். நடுவிலிருந்து விளிம்பு வரையிலான தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் ஒரு வெண்புள்ளி தெரியும். விடியற்காலையில் மேற்கே இறங்கும் நிலவில் அதே புள்ளி இடப்பக்கம் வந்திருக்கும். முயலும் வடை சுடும் பாட்டியும் குடியிருக்கும் கரும்பகுதிகளிலிருந்து விலகி, வெளிறிய மேட்டுநிலத்தில் அது இருக்கிறது. பைனாகுலர் இருந்தால் புள்ளியிலிருந்து நாலாபக்கமும் கிளம்பும் வெண்கோடுகளும் தெரியும். சில கோடுகள் 1,500 கிலோமீட்டரையும் தாண்டி ஓடுகின்றன. மேற்குத் திசையில் மட்டும் அவை குறைவு. மோதிய கல் செங்குத்தாக விழாமல் அந்தப் பக்கமிருந்து சாய்வாக வந்திருக்கிறது என்பதற்கு அது தடயம்.

பௌர்ணமியில் கோடுகள்தான் தெரியும், பள்ளம் தெரியாது. மேலே நின்று அடிக்கும் வெயிலில் நிழலே விழாததால் ஆழம் புலப்படுவதில்லை. பள்ளத்தைப் பள்ளமாகப் பார்க்க வளர்பிறை நவமி, தசமிதான் ஏற்ற நாட்கள். அப்போது டைக்கோவில் சூரியன் உதித்துக்கொண்டிருக்கும். சிறிய தொலைநோக்கியிலும் 85 கிலோமீட்டர் அகலக் கிண்ணம், அதன் உட்சுவரில் படிப்படியாகச் சரிந்த அடுக்குகள், தரையில் விழும் நடுச்சிகரத்தின் நிழல் எல்லாம் துலங்கும். விளிம்பிலிருந்து தரை 4.7 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. சிகரம் தரையிலிருந்து 2 கிலோமீட்டர் உயரம்.

இவ்வளவு பெரிய அமைப்பு உருவாகச் சில நிமிடங்களே ஆகியிருக்கும். சில கிலோமீட்டர் குறுக்களவுள்ள சிறுகோள் ஒன்று வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது பாறை திரவம்போல நடந்துகொள்கிறது. முதலில் ஆழமான குழி விழுகிறது. உடனே அதன் அடித்தளம் எதிர்வீச்சில் மேலெழும்பிச் சிகரமாக நின்றுவிடுகிறது. தாங்க முடியாத செங்குத்துச் சுவர்கள் உள்நோக்கிச் சரிந்து அடுக்குகளாகின்றன. உருகிய பாறை தரையில் தேங்கி உறைகிறது. நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் 2011 ஜூன் 10 அன்று டைக்கோவின் சிகரத்தில் சூரியன் உதிக்கும் வேளையில் ஒரு படம் எடுத்தது. சிகரத்தின் உச்சியில் தனியாக ஒரு பாறை உட்கார்ந்திருக்கிறது. அகலம் 120 மீட்டர். அதைச் சுற்றி உருகி உறைந்த பாறைப் பூச்சு. அவ்வளவு பெரிய கல் உச்சியில் எப்படி வந்து நின்றது என்று நிபுணர்களைக் கேட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட பதில்கள் வருகின்றன.

பெயர் வந்த வரலாறும் சுவையானது. 1645இல் ஸ்பெயின் மன்னரின் ஆதரவில் நிலவுப்படம் வரைந்த லாங்ரெனஸ், இந்தப் பள்ளத்துக்குப் போலந்து மன்னர் நான்காம் விளாடிஸ்லாவின் பெயரைச் சூட்டினார். இரண்டே ஆண்டுகளில் ஹெவேலியஸ் அதை சினாய் மலை ஆக்கினார். 1651இல் பொலோன்யா நகரின் ஏசுசபைத் துறவி ரிச்சியோலி வெளியிட்ட ‘அல்மகெஸ்டும் நோவும்’ நூலில்தான் டைக்கோ என்ற பெயர் வருகிறது. அந்த நூலுக்குப் படம் வரைந்தவர் அவருடைய சபைத் தோழர் கிரிமால்டி. மன்னர்களையும் வேதாகம மலைகளையும் விட்டுவிட்டு வானியலாளர்களின் பெயர்களை நிலவில் எழுதிய அவர்களின் முறைதான் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

ஆனால் ரிச்சியோலி நடுநிலையாளர் அல்லர். டேனிஷ் வானியலாளர் டைக்கோ பிராஹே (1546–1601) பூமியை அசையாமல் நிறுத்தி, சூரியன் அதைச் சுற்றுவதாகவும் மற்றக் கோள்கள் சூரியனைச் சுற்றுவதாகவும் ஓர் அமைப்பை முன்வைத்தவர். ரிச்சியோலி அதைச் சற்றுத் திருத்தி ஏற்றுக்கொண்டவர். ஆகவே நிலவின் முகத்தில் மிகப் பளிச்சென்ற பள்ளத்தை டைக்கோவுக்குக் கொடுத்தார். கோப்பர்னிக்கஸைப் புயல்களின் பெருங்கடலில் எறிந்துவிட்டதாக அவரே எழுதினார். எறிந்த இடத்தில் இருந்ததும் ஒரு கம்பீரமான பள்ளம். அதைப் பார்த்து, ரிச்சியோலி உள்ளுக்குள் கோப்பர்னிக்கஸின் ஆள் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றுகிறது. காலம்தான் வேறு விதத்தில் கணக்கைத் தீர்த்தது. நிலவியலாளர்கள் நிலவின் வரலாற்றைக் காலகட்டங்களாகப் பிரித்தபோது, கடைசிக் காலகட்டத்துக்குக் கோப்பர்னிக்கன் காலம் என்று பெயரிட்டார்கள். கோப்பர்னிக்கஸை ஏற்காத டைக்கோவின் பள்ளம் கோப்பர்னிக்கஸின் காலத்தில் அடங்கிவிட்டது.

பிராஹேயின் பெயர் நிலவில் இருப்பதற்கு ரிச்சியோலியின் சார்பைவிட வலுவான நியாயம் ஒன்று உண்டு. நிலவு தன் பாதையில் ஒரே சீராக ஓடுவதில்லை. சூரியனின் ஈர்ப்பால் மாதத்துக்குள்ளேயே அதன் வேகம் கூடிக் குறைகிறது. அப்படிப்பட்ட மாறுதல்களில் ஒன்றைக் கண்டுபிடித்தவர் பிராஹேதான். தொலைநோக்கி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இறந்துவிட்ட அவர், வெறும் கண்ணாலும் பெரிய அளவைக் கருவிகளாலும் அதைச் சாதித்தார். தன் பெயரைத் தாங்கப் போகும் பள்ளத்தின் வடிவத்தை அவர் பார்த்ததே இல்லை.

டைக்கோவின் அருகே சென்ற ஒரே தரையிறங்கி சர்வேயர் 7. 1968 ஜனவரி 10 அன்று பள்ளத்தின் வடக்கு விளிம்புக்கு வெளியே, சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இறங்கியது. அதற்கு முன் வெற்றி பெற்ற சர்வேயர்கள் நான்கும் அப்போலோ வீரர்களுக்கு இடம் பார்ப்பதற்காக, நிலநடுக்கோட்டை ஒட்டிய சமவெளிகளில் இறக்கப்பட்டவை. அந்த வேலை முடிந்துவிட்டதால் ஏழாவதை அறிவியலாளர்கள் தங்கள் விருப்பத்துக்குக் கேட்டு வாங்கினார்கள். மண்ணின் வேதியியலை அளக்க அதில் ஒரு பெட்டி இருந்தது. கியூரியம்-242 வெளியிடும் ஆல்ஃபா துகள்கள் மண்ணில் மோதித் திரும்புவதைக் கொண்டு தனிமங்களைக் கண்டறியும் பெட்டி அது. கயிற்றில் கட்டித் தரைக்கு இறக்க வேண்டியது பாதி வழியில் சிக்கிக்கொண்டது. கலத்தில் மண் தோண்டுவதற்கென்று ஒரு கை இருந்தது. பூமியிலிருந்து கட்டளை அனுப்பி, அந்தக் கையால் பெட்டியை மெல்ல மெல்ல அழுத்தித் தரையில் உட்கார வைத்தார்கள். பிறகு அதே கையால் பெட்டியைத் தூக்கி ஒரு கல்லின் மேலும், தோண்டிய குழியிலும் வைத்து அளந்தார்கள். கட்டளை நிலவுக்குப் போய்ப் பதில் திரும்ப இரண்டரை வினாடிக்கு மேல் ஆகும் என்பதை நினைத்தால் அந்தப் பொறுமையின் அளவு புரியும்.

அளவீட்டில் தெரிந்தது இது. சமவெளிகளைவிட இங்கே அலுமினியம் அதிகம், இரும்பு குறைவு. நிலவின் கருமையான தரையும் வெளிறிய தரையும் வேறு வேறு பாறைகள் என்பதற்கு நேரடிச் சான்று அங்கேதான் கிடைத்தது. மேட்டுநிலத்தில் முக்கியமான பாறை அனார்த்தசைட் என்பது பின்னர் அப்போலோ கற்களால் உறுதியானது. அந்தப் பாறை நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் தரைக்கு மேலேயே கிடைக்கிறது. சந்திரயான் திட்டங்களுக்காக இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தபோது மூலப்பொருளாக எடுத்தது அதைத்தான். 2023இல் சந்திரயான் 3இன் ஊர்தி, நிலவின் தென்கோடியை நெருங்கி, கியூரியம்-244 வைத்த கருவியால் மண்ணை அளந்தபோது கண்டதும் அனார்த்தசைட் வகை மண். டைக்கோ அருகே கயிற்றில் சிக்கிய பெட்டியின் வழிவந்த கருவி என்றே அதைச் சொல்லலாம்.

சர்வேயர் வேதியியலைச் சொன்னது, வயதைச் சொல்லவில்லை. வயதைச் சொல்லக் கல் வேண்டும். அப்போலோ வீரர்களை டைக்கோவுக்கே அனுப்பலாம் என்ற யோசனையும் எழுந்தது. தரை மிகக் கரடுமுரடு, இடம் வெகு தெற்கே என்று அது கைவிடப்பட்டது. கடைசிப் பயணமான அப்போலோ 17, 1972 டிசம்பர் 11 அன்று இறங்கியது நிலவின் வடகிழக்கில், டாரஸ்–லிட்ரோ என்ற பள்ளத்தாக்கில்.

அந்தப் பள்ளத்தாக்கின் தென்புறத்தில் 2 கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்த ஒரு மலை. அதன் அடிவாரத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்குச் சமதரையில் வெண்மையான மண் படர்ந்து கிடப்பது, வீரர்கள் போவதற்கு முன்பே வானிலிருந்து எடுத்த படங்களில் தெரிந்திருந்தது. மலை சரிந்திருக்கிறது. ஏன் சரிந்தது? பள்ளத்தாக்கில் ஒரே வயதுள்ளவைபோலத் தோன்றும் பள்ளங்கள் கொத்தாக இருந்தன. மலையுச்சியிலும் அப்படி ஒரு கொத்து. பெரும் மோதல் நடக்கும்போது எறியப்படும் பாறைகள் தூரத்தில் போய் விழுந்து இப்படிப்பட்ட தெறிகுழிகளை உண்டாக்கும். கொத்துகளின் அமைப்பும் டைக்கோவின் வெண்கோடு போகும் திசையும் ஒத்துப்போயின. டைக்கோவிலிருந்து பறந்து வந்த கற்கள் மலையுச்சியில் விழுந்த அடியில்தான் மலை சரிந்தது என்று நிலவியலாளர் பேர்பெல் லுக்கிட்டா 1977இல் எழுதினார்.

இது சரியென்றால் கடிகாரம் கைக்கு வந்துவிடுகிறது. காஸ்மிக் கதிர்கள் நிலவின் தரையில் ஒன்றிரண்டு மீட்டர் ஆழம் வரைதான் நுழையும். நுழைந்த இடத்தில் அணுக்களை உடைத்து நியான், ஆர்கான், கிரிப்டான் ஆகியவற்றின் சில அரிய ஐசோடோப்புகளை உண்டாக்கும். மலைக்குள் புதைந்திருக்கும் கல்லில் இவை சேராது. சரிவில் வெளியே வந்து விழுந்த நாளிலிருந்து சேரத் தொடங்கும். வெயிலில் கிடக்கும் துணியின் வெளுப்பை வைத்து அது எத்தனை நாள் கொடியில் கிடந்தது என்று சொல்வதுபோல, ஐசோடோப்பின் அளவை வைத்துக் கல் எவ்வளவு காலம் வெளியில் கிடந்தது என்று கணக்கிடலாம். அப்படிக் கிடைத்த விடைதான் 10.9 கோடி ஆண்டு. பிழை வரம்பு 40 லட்சம் முன்பின்.

இங்கேதான் நிதானிக்க வேண்டும். அந்த 40 லட்சம் ஆய்வகத்தில் அளந்ததில் வரக்கூடிய பிழை. கற்கள் எத்தனை ஆண்டு கதிர்பட்டன என்பதில் உள்ள ஐயத்தை மட்டுமே அது காட்டுகிறது. அந்தக் கற்களை வெளியே தள்ளியது டைக்கோதானா என்பதில் உள்ள ஐயத்துக்கு அதில் இடமே இல்லை. நூல்களில் அச்சாகும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. ‘நிலச்சரிவு 10.9 கோடி ஆண்டுக்கு முன் நடந்தது’ என்ற அளவீடு, ‘டைக்கோ 10.9 கோடி ஆண்டுப் பழமையானது’ என்ற வாக்கியமாகிவிடுகிறது. பள்ளத்தாக்கிலிருந்து வந்த கற்களில் ‘இது டைக்கோவின் துண்டு’ என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி ஒன்றும் அடையாளம் காணப்படவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிலவில் மலை சரியக் கல்மழை ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை. அதே பள்ளத்தாக்கின் குறுக்கே லீ–லிங்கன் என்ற பிளவு ஓடுகிறது. நிலவு உள்ளே குளிர்ந்து சுருங்குவதால் மேலோடு மடிந்து ஏறிய இடம் அது. நிலவியல் கணக்கில் மிக இளமையானது. அப்போலோ வீரர்கள் வைத்துவந்த நில அதிர்வுமானிகள் 1977 வரை இயங்கியதில், ஆழம் குறைந்த அதிர்வுகள் 28 பதிவாகியிருக்கின்றன. பூமியில் வீடுகளைச் சேதப்படுத்தக்கூடிய வலுவுள்ளவையும் அவற்றில் உண்டு. அப்படி ஒரு குலுக்கலே மலையைச் சரித்திருக்கலாம் என்று பிளவை ஆராய்வோர் கேட்கிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் நடந்த ஒரே நிலவியலாளரான ஹாரிசன் ஷ்மிட்டும் அவருடைய குழுவினரும் எல்ஆர்ஓ படங்களை மறுபடி ஆராய்ந்து, அங்கே கிடப்பது ஒரு சரிவன்று, வெவ்வேறு காலத்தில் நடந்த இரண்டு சரிவுகள் என்று 2017இல் கருத்து வெளியிட்டார்கள். இரண்டு என்றால் டைக்கோவுக்கு உரியது எது?

இதைத் தீர்க்க உதவக்கூடிய மண் கையில் இருக்கிறது. அந்த வெண்சரிவின்மேல் வீரர்கள் இரட்டைக் குழாயை அடித்து இறக்கி, சரிவின் மேலடுக்கிலிருந்து ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணை எடுத்தார்கள். கீழ்ப்பாதிக் குழாயை நிலவிலேயே வெற்றிடத்தில் அடைத்தார்கள். வருங்காலக் கருவிகளுக்கென்று அதைத் தொடாமல் வைத்திருந்த நாசா, மேல்பாதியை 2019இலும் அடைத்த பாதியை 2022இலும் திறந்தது. அப்போலோ காலத்துத் திட்டமிடலில் என்னை அதிகம் வியக்க வைப்பது ராக்கெட் அன்று, இந்தக் குழாய்தான். அரை நூற்றாண்டு கழித்துப் பிறக்கப்போகும் கருவிக்காக மண்ணைத் திறக்காமல் வைத்திருக்கும் மனக்கட்டுப்பாடு எளிதில் வருவதில்லை.

ஒரு பள்ளத்தின் வயதுக்கு ஏன் இத்தனை சர்ச்சை? டைக்கோவின் வயது டைக்கோவோடு நிற்பதில்லை என்பதால். கல் கிடைக்காத தரையின் வயதை அறிய, அதன்மேல் விழுந்திருக்கும் சிறு பள்ளங்களை எண்ணுவார்கள். பழைய தரையில் பள்ளங்கள் அதிகம், புதிய தரையில் குறைவு. ஆனால் எண்ணிக்கையை ஆண்டாக மாற்ற, வயது தெரிந்த சில இடங்கள் வேண்டும். கடைசி நூறு கோடி ஆண்டுக்கு அப்படிப்பட்ட முக்கிய இடங்கள் நான்குதான். அப்போலோ 14 சென்ற கோன் பள்ளம் (சுமார் 2.5 கோடி), அப்போலோ 16 சென்ற நார்த் ரே (சுமார் 5 கோடி), டைக்கோ, பிறகு கோப்பர்னிக்கஸ் (சுமார் 80 கோடி). முதல் இரண்டும் கற்களை அந்தந்த இடத்திலேயே பொறுக்கி அளந்தவை. கோப்பர்னிக்கஸின் வயது, அதன் வெண்கோட்டின் மண் என்று கருதப்பட்டதை அப்போலோ 12 தூரத்தில் அள்ளி வந்ததால் கிடைத்தது. ஆக, நான்கில் பெரிய பள்ளங்கள் இரண்டின் வயதும் சூழ்நிலைச் சாட்சியம். இந்தப் புள்ளிகள் வழியே வரைந்த வளைகோட்டைத்தான் திருத்தங்களோடு செவ்வாய்க்கும் புதனுக்கும் கொண்டுபோகிறார்கள்.

எல்ஆர்ஓவின் துல்லியமான படங்கள் வந்ததும், டைக்கோவிலேயே பள்ளங்களை எண்ணிப் பார்க்க முடிந்தது. 2012இல் ஹாரல்ட் ஹீசிங்கர் குழுவினர் வெளியிட்ட முடிவு ஒரு சிக்கலைக் கிளப்பியது. டைக்கோ வாரியிறைத்த கல்மண் பரப்பில் எண்ணினால் ஒரு வயது, உருகிய பாறை உறைந்த குட்டைகளில் எண்ணினால் அதைவிட மிக இளைய வயது. இரண்டும் ஒரே மோதலில், ஒரே நாளில் உருவானவை. காரணங்கள் சொல்லப்படுகின்றன. உறைந்த பாறை கெட்டியானது, ஆகவே அதே கல் விழுந்தாலும் சிறிய குழியே விழும். இன்னொன்று, டைக்கோ மேலே எறிந்த கற்களில் சில நேராக எழும்பி, தாமதமாகத் திரும்பி, அப்போதுதான் படிந்த கல்மண்ணின் மீதே விழுந்திருக்கும். அந்தக் குழிகளைப் பிற்காலக் குழிகள் என்று எண்ணிவிட்டால் தரை முதியதாகத் தோன்றும். எனக்கு இரண்டாவது காரணம் கூடுதலாக உறுத்துகிறது. பொருந்துகிற பரப்பைத் தேர்ந்தெடுத்து எண்ணி, ‘பார்த்தீர்களா, 10.9 கோடிக்குப் பக்கத்தில் வருகிறது’ என்று சொல்லும் ஆபத்து இதில் இருக்கிறது.

வேறு கடிகாரமும் உண்டு. 1960 மார்ச்சில் நடந்த சந்திர கிரகணத்தின்போது ரிச்சர்ட் ஷார்ட்ஹில் குழுவினர் அகச்சிவப்புக் கதிரில் பார்த்தார்கள். பூமியின் நிழல் விழுந்ததும் சுற்றுப்புறம் சட்டென்று குளிர, டைக்கோ மட்டும் வெப்பத்தை விடாமல் வைத்திருந்தது. தூள் உடனே குளிர்ந்துவிடும், பாறை மெதுவாகத்தான் குளிரும். டைக்கோவைச் சுற்றி இன்னும் பொடியாகாத பாறைகள் நிறைய என்பதே அதன் பொருள். பாறைகள் பொடியாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஆகவே பள்ளத்தைச் சுற்றி எவ்வளவு பாறை மிஞ்சியிருக்கிறது என்பதிலிருந்து வயதைக் கணிக்கலாம். எல்ஆர்ஓவின் வெப்பமானியைக் கொண்டு சாரா மஸ்ரூயி குழுவினர் 2019இல் அதைத்தான் செய்தார்கள். சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலவிலும் பூமியிலும் மோதல்கள் இரண்டு மூன்று மடங்கு பெருகின என்பது அவர்களின் முடிவு. இந்தக் கடிகாரத்தை ஓடவிடுவதற்கு முன் ஏற்கெனவே வயது தெரிந்த பள்ளங்களோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் டைக்கோவும் உண்டு. சுற்றிச் சுற்றி அதே நிலச்சரிவுக்கு வந்து நிற்கிறோம்.

டைனோசர் கதையும் இதே வாசலில் வந்து நின்றது. பாப்டிஸ்டினா என்ற சிறுகோள் குடும்பம் 16 கோடி ஆண்டுக்கு முன் ஒரு பெரிய உடைவில் பிறந்தது, அதன் துண்டுகளில் ஒன்று டைக்கோவையும் இன்னொன்று டைனோசர்களின் அழிவோடு தொடர்புபடுத்தப்படும் மெக்சிகோவின் சிக்சுலுப் பள்ளத்தையும் உண்டாக்கியிருக்கலாம் என்று வில்லியம் பாட்கே முதலானோர் 2007இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். நான்கு ஆண்டு கழித்து வைஸ் விண்தொலைநோக்கியின் அளவுகள் அந்த உடைவை 8 கோடி ஆண்டுக்கு இழுத்துக் கொண்டுவந்தன. 10.9 கோடி ஆண்டுக்கு முன் விழுந்த கல், 8 கோடி ஆண்டுக்கு முன் உடைந்த குடும்பத்திலிருந்து வர முடியாது. கருதுகோள் வலுவிழந்தது. சேர்த்தபோதும் பிரித்தபோதும் டைக்கோ பக்கத்தில் நின்று தீர்ப்புச் சொன்னது அந்த ஒற்றை எண்தான்.

10.9 கோடி தவறு என்று நான் வாதிடவில்லை. தெறிகுழிகளின் திசை, சரிவின் வயது, வெண்கோடுகளின் மங்காத பளிச்சு எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. பந்தயம் கட்டச் சொன்னால் நானும் அந்தப் பக்கமே கட்டுவேன். ஆனால் கோன் பள்ளத்தின் வயதும் டைக்கோவின் வயதும் ஒரே அட்டவணையில் ஒரே எழுத்தில் அச்சாகும்போது, ஒன்று அந்த இடத்திலேயே எடுத்த கல், மற்றது 2,200 கிலோமீட்டர் தள்ளி எடுத்த கல் என்பது வாசகருக்குத் தெரிவதில்லை.

தெரிந்துகொள்ளும் வழி இப்போது எட்டாத உயரத்தில் இல்லை. சாங்கே 5 என்ற சீனத் தானியங்கி 2020இல் 1,731 கிராம் மண்ணைக் கொண்டுவந்தது. அதிலிருந்த எரிமலைப் பாறைக்கு 200 கோடி ஆண்டு என்று நேரடியாக அளந்தார்கள். வயது வளைகோட்டில் நெடுங்காலம் காலியாகக் கிடந்த ஓரிடம் நிரம்பியது. சாங்கே 6, 2024இல் நிலவின் மறுபக்கத்திலிருந்தே மண் எடுத்து வந்துவிட்டது. டைக்கோ நமக்கு நேரெதிரே இருக்கிறது, பேச இடையில் துணைக்கோள்கூடத் தேவையில்லை. இறங்க இடம்தான் சிக்கல். ஆனால் விளிம்புக்கு வெளியே, சர்வேயர் 7 நிற்கும் அதே வடக்குச் சரிவில், மோதலில் உருகிய பாறை தாழ்வான இடங்களில் ஓடித் தேங்கி உறைந்த வழவழப்பான குட்டைகள் இருக்கின்றன. 1967இல் லூனார் ஆர்பிட்டர் 5 எடுத்த படங்களிலேயே இப்படிப்பட்டவை தெரிகின்றன. அந்தப் பாறை உறைந்த நாள்தான் டைக்கோ பிறந்த நாள். அதில் ஒரு துண்டு போதும், ஆர்கான் முறையில் உறைந்த காலத்தையே அளந்துவிடலாம். நிலச்சரிவை இடையில் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.